வாசகர் கேள்வி: அந்த ஓவியத்தில் என்னதான் இருக்கிறது?

கேள்வி: காய்தோண்டே என்ற ஓவியரின் படம் கிட்டத்தட்ட 40 கோடிக்கு ஏலம் போனதாகப் படித்தேன். இணையத்தில் தேடினால் ஒரே நிறம், நடுவில் திட்டுத் திட்டாக ஏதோ. மனிதனையோ மரத்தையோ வரையத் தெரியாதவர்கள்தான் இந்தப் பக்கம் ஒதுங்குகிறார்களா?
- வாசகர், திருச்சி

பதில்: வரையத் தெரியாதவர் என்று மட்டும் சொல்லாதீர்கள், சண்டைக்கு வருவேன். வாசுதேவ் காய்தோண்டே மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் 1948இல் பட்டயம் வாங்கியவர். ஆரம்ப காலப் படங்களில் உருவங்கள் உண்டு, ஐரோப்பிய நவீன ஓவியர் பால் க்ளேயின் பாதிப்பும் நன்றாகவே தெரியும். அப்புறம் உருவங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, வண்ணமும் வெளிச்சமும் மிஞ்சின. மரத்தைப் பார்த்து, அதைச் சிதைத்து, சுருக்கி வரைகிற வேலை அல்ல இது. வெளியே உள்ள எந்தப் பொருளிலிருந்தும் அவர் தொடங்கவே இல்லை, அதனாலேயே அரூப (ஆப்ஸ்ட்ராக்ட்) ஓவியர் என்ற பட்டத்தையும் ஏற்கவில்லை. பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பும் கிடையாது. ஆகவே இது மலையா, கடலா என்று துப்பறிய வேண்டாம். அந்த 40 கோடி 2021 ஏல விவகாரம், மனிதர் 2001லேயே போய்விட்டார், அதை அவர் தலையில் கட்டாதீர்கள்.

கேள்வி: வருடத்துக்கு ஐந்தாறு படம்தான் முடிப்பாராமே, மீதி நேரம் என்ன செய்தார்?
- வாசகி, கோவை

பதில்: பெரும்பாலும் சும்மா இருந்தார். கிண்டல் இல்லை. ஜென் பௌத்தத்திலும் நம் ரமணர், மும்பையில் வாழ்ந்த ஞானி நிசர்கதத்தா மகராஜ் ஆகியோரிடமும் ஈடுபாடு உள்ளவர். கையை விட யோசனைக்குத்தான் அதிக நேரம் கொடுத்தார்.

கை வேலையும் லேசுப்பட்டதல்ல. தூரிகையை ஓரம் கட்டிவிட்டு உருளையும் தட்டைக் கத்தியும் எடுத்தார். நீர்க்கச் செய்த எண்ணெய் வண்ணத்தை உருட்டுவது, கத்தியால் வழித்து எடுப்பது, மேலே இன்னொரு அடுக்கு, கிழித்த காகிதத் துண்டுகளை வைத்து அங்கங்கே வண்ணத்தை ஒற்றுவது என்று போகும். பல தடவை சுண்ணாம்பு அடித்த பழைய சுவர் உதிரும்போது அடியிலிருந்த நிறம் எட்டிப் பார்க்குமே, ஏறக்குறைய அப்படி, ஆனால் எது எட்டிப் பார்க்கலாம், எது கூடாது என்பதை இவர் முடிவு செய்கிறார். திட்டு என்கிறீர்களே, அது தற்செயலும் கட்டுப்பாடும் பேரம் பேசி முடித்த இடம், எனக்கு அவரிடம் பிடித்ததே அந்தப் பேரம்தான்.

1984இல் தில்லியில் ஒரு விபத்து. பெரிய கேன்வாஸுக்கு உடம்பு ஒத்துழைக்காத வருடங்களில் காகிதத்தில் மையால் வரைந்தார், பிறகு கேன்வாஸுக்குத் திரும்பினார்.

கேள்வி: நேரில் எங்கே பார்க்கலாம்?
- வாசகர், மதுரை

பதில்: தில்லி தேசிய நவீன கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. எப்போதும் எல்லாவற்றையும் மாட்டி வைத்திருக்க மாட்டார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள். போன் திரையில் அந்த அடுக்குகள் தட்டையாகிவிடும், ஒரே நிறம் என்று திருச்சி வாசகருக்குத் தோன்றியதும் அதனால்தான். முதலில் பத்தடி தள்ளி, பிறகு காவலாளி முறைக்கும் தூரம் வரை கிட்டே போய், கடைசியாகப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.