அப்பா ஃபீல்டில் இருக்கும் வருஷம்: வாசகர் கேள்வி – பதில்

கணவர் 'ஃபீல்டு' எனப்படும் எல்லைப் பணியில், மனைவியும் பிள்ளைகளும் ஊரில் என்று வாழும் ராணுவக் குடும்பங்களின் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. குழந்தை மனநலம் அறிந்தவர்களும் ராணுவ அலுவலக நடைமுறை தெரிந்தவர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: என் கணவர் ஆர்மியில் நாயக். இன்னும் ஒரு மாதத்தில் லடாக் பக்கம் ஃபீல்டுக்குப் போகிறார். பெண் குழந்தைக்கு ஒன்பது மாதம். அவர் போவதற்குள் என்னென்ன முடித்து வைக்க வேண்டும்?
– வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: முதலில் குழந்தையின் பிறப்பு 'பார்ட் டூ ஆர்டர்' (வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் யூனிட் ஆணை) ஆகிவிட்டதா என்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் போதாது. அதை யூனிட்டில் கொடுத்து, பிறப்பு பார்ட் டூ ஆர்டராக வெளியாகி, ரெக்கார்டு ஆபீஸில் ஏறினால்தான் ராணுவத்தின் கணக்கில் உங்கள் குழந்தை இருக்கிறது. டிபெண்டென்ட் கார்டு (குடும்பத்தாருக்கான அடையாள அட்டை), மிலிட்டரி ஆஸ்பத்திரி சிகிச்சை, பின்னால் வரும் கல்விப்படி எல்லாமே இதை வைத்துத்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் சிக்கல் வருவது இனிஷியலால். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், சர்வீஸ் ரெக்கார்டில் பின்னால் இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் முழுதாகவே விரிந்திருக்கும். மனைவியின் ஆதாரில் பிறந்த வீட்டு இனிஷியல், கல்யாண பார்ட் டூ ஆர்டரில் வேறொன்று. ஆங்கில எழுத்தில் ஒரு 'ஹெச்' கூடினாலோ குறைந்தாலோ தாள் திரும்பி வரும். ஃபீல்டில் இருக்கும்போது அதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும். ஆகவே நான்கு தாள்களை வரிசையாகத் தரையில் பரப்புங்கள்: கணவரின் சர்வீஸ் விவரம், கல்யாண பார்ட் டூ ஆர்டர், உங்கள் ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து ஒப்பிடுங்கள். சான்றிதழில் குழந்தையின் பெயர் இன்னும் ஏறவில்லை என்றால், பிறப்பைப் பதிவு செய்ததிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் உண்டு.

அடுத்தது நாமினி. கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்தவர்கள் ஆர்மி குரூப் இன்ஷூரன்ஸிலும் பி.எஃப்.-இலும் அம்மா பெயரைத்தான் கொடுத்திருப்பார்கள். இதைப் பேச வீட்டில் எல்லோருக்கும் சங்கடம். அதனாலேயே தள்ளிப்போகிறது. கணவரே தன் அம்மாவிடம் நேரில் சொல்லி, பங்கு பிரித்து எழுத வழி உண்டா என்று யூனிட் கிளார்க்கிடம் கேட்டு முடிப்பது நல்லது. மருமகள் வாயிலிருந்து இந்தப் பேச்சு வரும்படி விடாதீர்கள்.

வீடு, நிலம் சம்பந்தமாகப் பத்திரப்பதிவு வேலை ஏதாவது இருந்தால் பவர் பத்திரத்தை லீவில் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டுவிடச் சொல்லுங்கள். வெறும் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பிய தாளைப் பதிவுக்கு ஏற்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு சின்ன நோட்டு. அதில் கணவரின் ஆர்மி நம்பர், ரேங்க், யூனிட், கம்பெனி, தபால் முகவரி, யூனிட் கிளார்க்கின் எண், பக்கத்து மிலிட்டரி ஆஸ்பத்திரி எண், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலக எண் எல்லாம் இருக்கட்டும். போனில் மட்டும் சேமிப்பது ஆபத்து. போன் கெட்டுப்போகும் நாளில்தான் அவசரம் வரும்.

கேள்வி: 4 வயது மகன் தினமும் "அப்பா எப்ப வருவாங்க?" என்கிறான். மாமியார் "நாளைக்கு வருவார்" என்று சொல்லிச் சமாளிக்கிறார். நான் என்ன சொல்வது?
– வாசகி, கம்பம்

பதில்: 'நாளைக்கு' வேண்டாம். நான்கைந்து நாளில் அந்தச் சொல்லின்மேல் அவனுக்கு நம்பிக்கை போய்விடும். பிறகு நீங்கள் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாலும் அழுவான்.

அதற்காகத் தேதியும் சொல்லாதீர்கள். லீவு கிடைத்தாலும் பனியில் பாதை அடைபடும், வானிலையால் விமானம் நிற்கும், பதில் ஆள் வந்து சேர நாளாகும். இந்த வயதில் காலத்தைக் காலண்டரால் அளக்கத் தெரியாது. நடப்புகளால் சொல்லுங்கள்: "மாம்பழம் எல்லாம் முடியும், நீ பெரிய ஸ்கூலுக்குப் போவாய், மழை வரும், அதற்கப்புறம் அப்பா வருவார்." அவர் ரயில் ஏறிய பிறகு மட்டும் நாள் எண்ணத் தொடங்குங்கள். ஜம்முவிலிருந்து சென்னைக்கு ரயிலில் வரவே இரண்டு நாளுக்கு மேல் ஆகும். சுவரில் மூன்று காகிதத் துண்டு ஒட்டி, ஒவ்வொரு காலையிலும் ஒன்றை அவன் கையாலேயே கிழிக்கட்டும்.

அப்பா படத்தை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பல வீடுகளில் யூனிஃபார்ம் போட்ட படம் சாமி படத்துக்குப் பக்கத்தில், மறைந்த தாத்தாவின் மாலை போட்ட படத்தின் வரிசையிலேயே உயரத்தில் தொங்குகிறது. நாலு வயதுக் குழந்தை அந்த வரிசையைப் பார்த்து என்ன நினைக்கும்? படத்தைக் கழற்றி, அவன் கண் மட்டத்துக்கு, அதாவது தரையிலிருந்து மூன்றடிக்கு, இறக்கி வையுங்கள். லுங்கியோடு அவனைத் தூக்கி வைத்திருக்கும் படம் என்றால் இன்னும் நல்லது. அவன் தொடட்டும், சோறு ஊட்டட்டும்.

போன் பேச்சு இரண்டு மூன்று நிமிஷத்துக்கு மேல் இந்த வயதில் நிற்காது. "அப்பாகிட்டப் பேசு, பேசு" என்று காதில் அழுத்தினால் ஓடிவிடுவான். காட்ட ஏதாவது ஒன்றைக் கையில் கொடுங்கள்: உடைந்த கார், வரைந்த படம். "சிக்னல் போனால் சத்தம் நின்றுவிடும், அப்பா கோபித்துக்கொண்டு வைக்கவில்லை" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "சேட்டை பண்ணினால் அப்பாகிட்டச் சொல்லிடுவேன்" என்பதை வீட்டில் யாருமே சொல்லக்கூடாது. தன் சேட்டையால்தான் அப்பா போய்விட்டார் என்று இந்த வயதுப் பிள்ளைகள் உண்மையாகவே நம்புகிறார்கள். "அது அப்பாவோட வேலை, நீ எதுவும் தப்பு செய்யலை" என்பதை அவன் கேட்காவிட்டாலும் நீங்களாகவே அவ்வப்போது சொல்ல வேண்டும்.

உங்களுக்கும் ஒன்று. உயரமான இடத்துக்கு ஏறும்போது உடம்பு பழக 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள், 15,000 அடி வரை 4 நாள், அதற்கு மேல் இன்னும் 4 நாள் என்று நிறுத்தி நிறுத்தித்தான் கூட்டிப்போவார்கள். அந்த நாட்களில் போன் வராமல் போகலாம். அதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: பனிப்பிரதேசத்தில் இருப்பவருக்குப் பலகாரம் அனுப்பலாமா?
– வாசகி, தர்மபுரி மாவட்டம்

பதில்: அனுப்பலாம். முகவரியில் ஊர்ப்பெயர் எழுதாதீர்கள். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், யூனிட், யூனிட்டின் பின்கோடு, '56 ஏ.பி.ஓ.' அல்லது '99 ஏ.பி.ஓ.' (ராணுவத் தபால் நிலையம்), இவ்வளவுதான். கையில் சேர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் எண்ணெயில் பொரித்தது சிக்கடித்துவிடும். எண்ணெய் மிதக்கும் தொக்கு வழியில் ஒழுகிப் பக்கத்துப் பார்சலையும் கெடுக்கும். காற்று நிரப்பிய சிப்ஸ் பாக்கெட் உயரத்தில் உப்பி வெடிக்கலாம். சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 83 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் வேகவைக்க வேண்டிய எதையும் அனுப்பாதீர்கள். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, கடலை மிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை சரியாக இருக்கும். மேலே பசி மந்திக்கும். வாய்க்குக் காரமாக ஒரு பொடி போனால் நாலு கவளம் கூடச் சாப்பிடுவார். டப்பாவின் மூடிக்குள் குழந்தை கிறுக்கிய தாள் ஒன்றை மடித்து வையுங்கள்.

கேள்வி: பத்து மாதம் கழித்து அவர் வந்திருக்கிறார். ஒன்றரை வயது மகள் அவரைப் பார்த்தாலே வீறிட்டு அழுகிறாள். அவருக்கு மனசே உடைந்துவிட்டது. லீவு 60 நாள்தான்.
– வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: இப்படி அழுவது குழந்தை சரியாக வளர்கிறது என்பதற்கு அடையாளம். எட்டு மாத வாக்கில் புது முகத்துக்குப் பயப்படத் தொடங்கும். ஒன்றரை வயது வரை அந்தப் பயம் உச்சத்தில் இருக்கும். அவர் போனபோது அவளுக்கு எட்டு மாதம். இப்போது அவள் கண்ணுக்கு அவர் வெயிலிலும் பனியிலும் கறுத்த, அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும் ஓர் அந்நியர். போனில் பார்த்த முகம் உள்ளங்கை அளவு. நேரில் ஆறடி.

முதல் மூன்று நாள் அவர் அவளைத் தூக்க வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம், கண்ணுக்குக் கண் பார்க்கவும் வேண்டாம். அவள் விளையாடும் இடத்திலிருந்து நாலடி தள்ளித் தரையில் உட்காரட்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் உயரமாகத் தெரிவார். கையில் ஏதாவது சத்தமில்லாத வேலை இருக்கட்டும்: கடலை உரிப்பது, பூண்டு உரிப்பது. குழந்தை தானாக வந்து எட்டிப் பார்க்கும். ஒரு கடலையை நீட்டாமல் தரையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கட்டும். அவள் எடுத்தால் அன்றைக்கு அது போதும். இங்கேதான் பல அப்பாக்கள் அவசரப்பட்டு வாரி அணைக்கிறார்கள். மூன்று நாள் உழைப்பு அந்த ஒரு நொடியில் போய்விடும்.

நாலாம் நாளிலிருந்து நீங்கள் இடுப்பில் வைத்திருக்கும்போது அவர் ஒரு வாய் ஊட்டட்டும். ஒரு வாரம் ஆனதும் நீங்கள் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் ஐந்து நிமிஷம் அறையைவிட்டு நகருங்கள். அழுதால் உடனே வந்துவிடுங்கள். குளிப்பாட்டுவது அதற்குப் பிறகு. தூங்கவைப்பதைக் கடைசியாக அவரிடம் கொடுங்கள். தூக்கக் கலக்கத்தில் பழகிய வாசனையைத்தான் குழந்தை தேடும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள் "அப்பாவையே தெரியலையா இவளுக்கு!" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவரை எவ்வளவு குத்துகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. "இன்னும் நாலு நாளில் அவரைவிட்டு இறங்க மாட்டாள்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

லீவு முடிந்து போகும்போது அவள் தூங்கும் நேரம் பார்த்து நழுவ வேண்டாம். விழித்துப் பார்த்தால் ஆளைக் காணோம் என்பது, கண்முன் டாட்டா காட்டிவிட்டுப் போவதைவிடக் குழந்தையை அதிகம் பயமுறுத்தும். அழுதாலும் பார்த்து அழட்டும்.

கேள்வி: நான் ஹவில்தார். மேலே இருந்து வந்து இருபது நாள் ஆகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல். தீபாவளி வேறு வருகிறது.
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அதிக உயரத்தில் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். சென்ட்ரி டியூட்டியில் (காவல் பணியில்) பழகிய விழிப்பும் சேர்ந்துகொள்கிறது. கீழே இறங்கியதும் சோர்வு, மறதி, பசிக்குறைவு சில வாரம் இருப்பது வழக்கம். பகலில் அரைமணிக்கு மேல் படுக்காதீர்கள். எழும் நேரத்தை மட்டும் மாற்றாமல் வையுங்கள். தூக்கம் வர ரம் எடுப்பது எதிராக வேலை செய்யும். முதல் இரண்டு மணி நேரம் அடித்துப் போட்டதுபோல் தூங்கவைத்துப் பின்ராத்திரியில் எழுப்பிவிடும். நீங்கள் சொல்லும் இரண்டு மணி விழிப்புக்கு அதுவும் காரணமா என்று பாருங்கள்.

தீபாவளிக்கு: பக்கத்து வீட்டுப் பையன்களிடம் சரவெடி வைக்குமுன் ஒரு குரல் கொடுக்கச் சொல்லுங்கள். எதிர்பாராத சத்தம்தான் உலுக்கும், தெரிந்து வருவது அவ்வளவு உலுக்காது. காலை நெரிசல் நேரத்தில் பின்கட்டில் ஃபேனைப் போட்டு உட்காருங்கள். பிள்ளைகளோடு மத்தாப்பு, புஸ்வாணம் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். உங்கள் கையால் பற்றவைப்பது பயத்தைக் குறைக்கும்.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் திரும்பவில்லை, குடி கூடுகிறது, கை ஓங்குகிறீர்கள், வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வருகிறது – இதில் ஒன்று இருந்தாலும் மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடைசி இரண்டில் ஒன்று இருந்தாலும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். படைவீரர்களுக்கென்றே 2023 டிசம்பரில் புனேயில் தனிப்பிரிவும் தொடங்கியிருக்கிறார்கள். அவசரமென்றால் பக்கத்து அரசு மருத்துவமனையில் சேர்ந்துகொண்டு யூனிட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) இறங்கிவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் மறைத்து மறைத்து முற்றிய பிறகு போனால் குணமாக இன்னும் அதிக நாள் பிடிக்கும்.

கேள்வி: கணவர் வந்ததும் வரவு செலவு, பையனின் டியூஷன் எல்லாவற்றையும் மாற்றுகிறார். 12 வயதுப் பையன் முறைக்கிறான். வீடே போர்க்களம்.
– வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: முதல் வாரம் நன்றாக இருந்து, இரண்டாம் வாரத்தில் இது வெடிக்கும். வீட்டில் தன் இடம் எங்கே என்று அவர் தேடுகிறார். நீங்களும் ஒரு வருஷம் தனியாகச் சுமந்த களைப்பில் இருக்கிறீர்கள். வரவு செலவு நோட்டை மாதவாரியாக அவர்முன் வையுங்கள். பார்த்துவிட்டுப் பேசட்டும். இரண்டு வாரம் எதையும் மாற்றுவதில்லை என்று இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முழுப் பொறுப்பாக ஒரே ஒரு வேலையை, காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடுவதையோ வாரச் சந்தையையோ, அவரிடம் கொடுத்துவிட்டுக் குறுக்கே போகாதீர்கள்.

அப்பா ஃபீல்டுக்குப் போகும்போது உறவினர்கள் பையனிடம் "நீதான் இனி வீட்டுக்கு ஆம்பளை" என்றிருப்பார்கள். அவனும் கேஸ் புக் பண்ணி, தங்கையை அழைத்துவந்து அந்தப் பதவியைக் காப்பாற்றியிருக்கிறான். இப்போது சத்தமில்லாமல் அது பறிபோகிறது. அப்பா அவனைத் தனியாக அழைத்து, அவன் செய்த வேலைகளைப் பெயர் சொல்லி, "இதெல்லாம் நீ பார்த்துக்கொண்டாய் என்று அம்மா சொன்னாள்" என்று சொல்லட்டும். பிறகு எதைத் தன்னிடம் வைத்துக்கொள்ள ஆசை என்று அவனையே கேட்கட்டும். ஐந்து மணிக்கு எழுப்பிப் பரேடு நடத்துவதை இந்த லீவில் விட்டுவிடலாம்.

கேள்வி: அடுத்து பீஸ் ஸ்டேஷன் (குடும்பத்தோடு இருக்கக்கூடிய பணியிடம்). மகள் எட்டாம் வகுப்பு. கூட அழைத்துப் போகலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: போவதானால் இப்போதே. சி.பி.எஸ்.இ.யில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவு ஒன்பதிலேயே நடந்துவிடும். ஒன்பதின் நடுவிலோ பத்திலோ மாற்றுவது தலைவலி. கேந்திரிய வித்யாலயாவில் உங்களுக்கு முதல் பிரிவு முன்னுரிமை. கடந்த 7 வருஷத்தில் எத்தனை இடமாற்றம் என்பதையும் பார்ப்பார்கள், ஆகவே பழைய போஸ்டிங் விவரங்களை யூனிட்டில் எழுதி வாங்குங்கள். கல்விப்படி ஒரு பிள்ளைக்கு மாதம் 2,250 ரூபாயாக இருந்தது, 2024 ஜனவரியிலிருந்து 2,812.50 ரூபாய், இரண்டு பிள்ளைகள் வரை. இதற்குப் பள்ளித் தலைமையாசிரியரின் சான்று வேண்டும். பழைய பள்ளியிலிருந்து டி.சி. வாங்கும் அன்றே இந்த வருஷத்துக்கான சான்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஊர் மாறிய பிறகு அந்த ஒரு தாளுக்காக மறுபடி ரயில் ஏற வேண்டியிருக்கும்.