வீட்டுக்கடன், கடனட்டை, அடகு: எதை முதலில் அடைப்பது?

வெள்ளவத்தையில் வசிக்கும் வாசகி ஒருவர் தமது குடும்பத்தின் கடன் விபரங்களை எழுதி ஆலோசனை கேட்டிருக்கிறார். தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் இவர் வேலை செய்கிறார். கணவர் புறக்கோட்டையில் மொத்த வியாபார நிலையமொன்றில் விற்பனைப் பொறுப்பில் இருக்கிறார். தொடர்மாடி வீட்டுக்கு 2021இல் எடுத்த கடனில் 80 இலட்சம் ரூபா எஞ்சியுள்ளது. 2022இல் ஏறிய வட்டியை வங்கி 2023இன் இறுதியில் 15 சதவீதத்தில் ஐந்தாண்டுகளுக்கு நிலைப்படுத்தியிருக்கிறது. இன்னும் 12 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 120,000 ரூபா. கடனட்டையில் 450,000 ரூபா 28 சதவீத வட்டியில் நிற்கிறது. மாதாமாதம் 22,500 ரூபா கட்டுகிறார்கள். நகைகள் 6 இலட்சத்துக்கு 13 சதவீத வட்டியில் அடகில் உள்ளன. அடுத்த மாதம் 5 இலட்சம் ரூபா சீட்டு இவருக்கு விழுகிறது. அதை வீட்டுக்கடனில் கட்டினால் ஏறக்குறைய 22 தவணைகள் குறையும் என்கிறார் கணவர். மகளின் சாமத்திய வீட்டுக்கு முன் நகையை மீட்க வேண்டும் என்கிறார் மாமியார். ஊழியர் சேமலாப நிதியில் 30 சதவீதத்தை எடுக்கலாமா என்பது வாசகியின் சொந்தக் கேள்வி.

உங்கள் கணவரின் கணக்கு சரியானதே. தவணையை மாற்றாமல் எஞ்சிய கடன் தொகையிலிருந்து 5 இலட்சத்தைக் கழித்தால் கடன் 22 மாதங்கள் முன்னதாக முடியும். ஆயினும் அந்தப் பணம் முதலில் போக வேண்டிய இடம் கடனட்டைதான். நீங்கள் கட்டும் 22,500 ரூபாவில் இந்த மாதம் 10,500 ரூபா வட்டிக்கே போகிறது, கடனில் குறைவது 12,000 மட்டுமே. சீட்டுப் பணத்தில் அட்டையை முழுமையாகத் தீர்த்துவிட்டு, அதுவரை அட்டைக்குப் போன அதே 22,500 ரூபாவை மறுமாதமே வீட்டுக்கடன் தவணையுடன் சேர்த்துக் கட்டத் தொடங்கினால், இன்றைய 15 சதவீத வட்டியிலேயே 144 மாதக் கடன் 97 மாதங்களில் முடிந்துவிடும். கணவர் சொல்லும் வழியிலும், அட்டை தீர்ந்த பின் அந்தத் தொகையைத் தவறாமல் வீட்டுக்கடனுக்குத் திருப்பினால், ஏறக்குறைய இதே காலம்தான் எடுக்கும் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வித்தியாசம் என்னவென்றால், அந்த வழியில் அட்டை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருக்கும். பாடசாலைத் தவணை தொடங்கும் மாதத்திலோ பண்டிகை மாதத்திலோ அதில் மறுபடியும் கை வைக்காத குடும்பங்களை நான் அதிகம் கண்டதில்லை. அத்துடன் என் வழியில் 50,000 ரூபா கையில் மிஞ்சுகிறது. உங்களிடம் அவசரச் சேமிப்பு எதுவும் இல்லை என்று எழுதியிருப்பதால் அதைத் தொட வேண்டாம்; ஒரு மாத வீட்டுத் தவணை அளவுக்காவது அது வளரட்டும். அட்டையைத் தீர்த்த அன்றே அதன் எல்லையை 50,000 ரூபாவுக்குக் குறைக்குமாறு எழுத்தில் கேளுங்கள்.

சீட்டைப் பற்றி ஒரு சொல். இருபது பேர் சீட்டில் எட்டாவதாக உங்களுக்கு விழுகிறது. இன்னும் 12 மாதங்களுக்கு 25,000 ரூபா வீதம் கட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே கைக்கு வரும் 5 இலட்சத்தில் 3 இலட்சம் கடன்தான், வட்டியில்லாத கடன் என்பது மட்டுமே ஆறுதல். அது முடியும்வரை அந்த 25,000 ரூபாவுக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெறுமதியான விடயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்கடன் வட்டி பழைய காலத்துக்குரியது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வங்கிகள் தமது முதன்மை வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கும் சராசரி வீதம் அந்த ஆண்டின் இறுதியில் 27 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அந்தக் கலக்கத்துக்குப் பின் 15 சதவீதம் கிடைத்தபோது நீங்கள் நிம்மதியாகக் கையொப்பமிட்டதில் தவறில்லை. ஆனால் அதன்பின் வீதங்கள் பெரிதும் இறங்கின. 2024 நவம்பரில் மத்திய வங்கி ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற ஒற்றைக் கொள்கை வட்டியை 8 சதவீதமாக நிர்ணயித்தது, 2025 மே மாதம் அது 7.75 ஆனது. உங்கள் மாடியிலேயே ஒருவர் 12 சதவீதத்துக்குக் கடன் பெற்றிருப்பதாக நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நிலையான வீதத்தில் இருக்கும் கடனுக்கு வங்கி தானாக முன்வந்து வட்டியைக் குறைப்பதில்லை, கேட்பவருக்கே குறைக்கும்.

எனவே கிளை முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கடன் இலக்கம், எஞ்சிய தொகை, இதுவரை ஒரு தவணையும் தவறாத வரலாறு, சந்தையில் இப்போது கிடைக்கும் வீதம் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். கையளித்ததற்கு ஒரு பிரதியில் திகதியும் முத்திரையும் பெற்றுக்கொள்ளுங்கள். 12 சதவீதத்துக்கு இறங்கினால் தவணை 105,000 ரூபாவாகக் குறையும் என்பார்கள். அதற்கு உடன்படாமல், பழைய 120,000 ரூபாவையே தொடர்ந்து கட்டுவதாகவும் காலத்தைக் குறைக்குமாறும் கேளுங்கள். அந்த ஒரு மாற்றத்தால் மட்டும் கடன் 110 மாதங்களில் முடியும். மிச்சமாவது ஏறத்தாழ 40 இலட்சம் ரூபா. அட்டையிலிருந்து விடுபட்ட 22,500 ரூபாவும் சேர்ந்தால், வட்டி அதே அளவில் நிற்குமானால், ஏழு ஆண்டுகளுக்குள் வீடு உங்களுடையதாகிவிடும்.

வங்கி மறுத்தால் வேறொரு வங்கிக்குக் கடனை மாற்றலாம். அதற்கு முன் உங்கள் கடன் ஒப்புதல் கடிதத்தை எடுத்து, முன்கூட்டியே தீர்ப்பதற்கான கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். பலரும் வாசிக்காமல் கோப்பில் வைத்துவிடும் பக்கம் அது. புதிய வங்கியில் மதிப்பீட்டுக் கட்டணம், நொத்தாரிசு கட்டணம், புதிய ஈட்டுக்கான முத்திரைத் தீர்வை ஆகியவையும் சேரும். எல்லாம் கூட்டிய தொகை ஓராண்டு வட்டி மிச்சத்துக்குள் அடங்கினால் மாறுவதில் தயக்கம் வேண்டாம். ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் பதிந்து வைக்கும் கடன் தகவல் பணியகத்தில் உங்கள் இருவரின் அறிக்கைகளையும் முதலில் பெற்றுக்கொள்ளுங்கள். அட்டையில் என்றோ தாமதமான கொடுப்பனவொன்று அங்கே பதிவாகியிருந்தால், அதைப் புதிய வங்கி சொல்லித் தெரிந்துகொள்வது நல்லதல்ல.

நகை விடயத்தில் மாமியாரின் கவலை நியாயமானது. ஆனால் 13 சதவீதத்தில் நிற்கும் அடகு உங்கள் கடன்களில் மலிவானது, அதனால் அவசரமில்லை. திகதிதான் முக்கியம். ஆண்டு முடிவில் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். ஆண்டு வட்டி 78,000 ரூபா; மாதம் 6,500 ரூபாவைத் தனியாக வைத்துவிடுங்கள். உங்கள் அடகுத் துண்டில் மாலை, காப்புகள், தோடு எல்லாம் ஒன்றாக எழுதப்பட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். அப்படியிருந்தால் ஒன்றை மட்டும் எடுக்க முடியாது, முழுத் தொகையும் வேண்டும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்து வைத்துத் தருமாறு கேளுங்கள். சாமத்திய வீடு எந்த மாதம் வருமென்று யாரும் சொல்ல முடியாது; மாலை தனித் துண்டில் இருந்தால் அதை மட்டும் மீட்டு மகளுக்கு அணிவிக்கலாம். சீட்டு முடிந்ததும் அந்த 25,000 ரூபாவைத் துண்டு துண்டாக அடகுக்குத் திருப்பினால் இரண்டு ஆண்டுகளில் எல்லா நகையும் வீட்டுக்கு வந்துவிடும். தங்க விலை ஏறியிருக்கிறது, அதே நகைக்கு மேலும் பணம் தரலாம் என்று கருமபீடத்தில் சொல்வார்கள். வேண்டாம்.

சேமலாப நிதியைப் பொறுத்தவரை, பத்து ஆண்டுகள் சேவையும் குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதியும் உள்ள உறுப்பினர் வீடு தொடர்பான தேவைக்கு 30 சதவீதம் வரை பெற வழியுண்டு. உங்கள் நிதிக் கணக்கிலுள்ள 28 இலட்சத்தில் அது 840,000 ரூபா. எனினும் அந்த நிதி 2023ஆம் ஆண்டுக்கு 13 சதவீத வட்டி வழங்கியது. வீட்டுக்கடன் 12 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் ஓய்வூதியம் இல்லாத தனியார் ஊழியரான நீங்கள் அதைத் தொடுவதில் இலாபமில்லை. வங்கியின் பதில் வரும்வரை விண்ணப்பிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

எந்த மாதம் எது பிந்தினாலும் வீட்டுத் தவணை பிந்தக்கூடாது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் செல்லாமலே ஏலம் விடும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுக்கிறது. வேலை இழப்பு போன்ற நிலை வந்தால் தவணை தவறுவதற்கு முன்பே எழுத்தில் சலுகை கேளுங்கள். வங்கியின் பதில் திருப்தியில்லாவிட்டால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். மேலதிகமாகக் கட்டும் ஒவ்வொரு தடவையும் அது எஞ்சிய கடன் தொகையிலிருந்து கழிக்கப்பட வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, மறுமாதக் கூற்றில் எஞ்சிய தொகை உண்மையில் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். வருங்காலத் தவணைக்கான முற்பணமாக அதைப் பதிந்துவிடுவது நடக்கக்கூடியது. கடைசித் தவணைக்குப் பின் வங்கியின் கடிதத்துடன் நின்றுவிடாமல், ஈடு தீர்ந்ததற்கான விடுவிப்பு உறுதியை நொத்தாரிசு மூலம் காணிப் பதிவகத்தில் பதிவு செய்வித்து, மூல உறுதியையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.