நேரலை வகுப்புக்கு வர இயலாத மாணவர்களுக்காக

வணக்கம். உங்கள் ஏழாம் வகுப்பில் 40 மாணவர்களுள் 15 பேரே நேரலைக் கணித வகுப்புக்கு வருகிறார்கள் என்றும், மற்றவர்கள் ஒரே கைபேசியை உடன்பிறந்தோருடன் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். 2020 ஏப்ரலில் உலகெங்கும் 100 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளி மூடலால் பாதிக்கப்பட்டிருந்தபோது பல ஆசிரியர்கள் சந்தித்த சிக்கல்தான் இது.

நேரலையை முதன்மையாகக் கொள்ளாதீர்கள் என்பதே என் கருத்து. பாடத்தை ஐந்து நிமிட ஒலிப்பதிவாகவும், தாளில் எழுதிய இரண்டு மாதிரிக் கணக்குகளின் படமாகவும் அனுப்பினால், இரவில் மட்டும் கைபேசி கிடைக்கும் பிள்ளையும் அதைப் பயன்படுத்த முடியும். கைபேசியே இல்லாத வீடுகளுக்கு அச்சிட்ட பயிற்சித்தாள்களை வாரம் ஒருமுறை பெற்றோர் வாங்கிச் செல்ல ஏற்பாடு செய்யலாம். நேரலை ஐயம் தீர்ப்பதற்கு மட்டும் இருக்கட்டும்.

பாடத்திட்டத்தை முடிக்க வேண்டுமே என்ற உங்கள் கவலை இயல்பானதுதான். ஆயினும் பின்னங்களில் தடுமாறும் மாணவர் விகிதங்களிலும் சமன்பாடுகளிலும் திணறுவார்; ஆகவே மதிப்பெண் இடாத சிறு தேர்வொன்றின் வழியே ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்பதை அறிந்து, அடுத்த பாடங்களுக்கு அடித்தளமானவற்றை மட்டும் முதலில் நடத்துங்கள்.

தொடர்பே இல்லாமற்போன மாணவர்களிடம் முதல் அழைப்பிலேயே வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். அவர்கள் வீட்டில் நோயோ இழப்போ நேர்ந்திருக்கக்கூடும். அன்று நலம் விசாரித்தாலே போதும்.