உடற்பயிற்சி செய்தால் இதயத்துக்கு உண்மையில் என்ன நன்மை?

தினமும் நடப்பது இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்த சான்று லண்டன் மாடி பஸ்களில் கிடைத்தது. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் அந்த பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு, 1953-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார், நாளைக்கு 500 படிகளுக்கு மேல். இதய நோய் கண்டக்டர்களிடம் தெளிவாகவே குறைவு. வந்தாலும் அதில் உயிர் போவதும் குறைவு. டிரைவர்களின் சீருடை அளவுகளைப் பார்த்தபோது, இள வயதிலேயே அவர்களுக்கு இடுப்பு பெருத்திருந்தது பிறகு தெரிந்தது. அதனால் எல்லாப் பெருமையையும் படிகளுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனால் தபால்காரர்களை உட்கார்ந்து வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டபோதும் இதே போக்குதான்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? உடற்பயிற்சிக்குப் பழகிய இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தைத் தள்ளும். அதனால் ஓய்வில் நாடித்துடிப்பு குறையும். வேகமாக ஓடும் ரத்தம் ரத்தக்குழாயின் உட்சுவரை உரச, அந்தச் சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. குழாய் தளர்ந்து விரிகிறது. ரத்த அழுத்தம் இறங்க இது ஒரு முக்கியக் காரணம். அப்புறம் இன்சுலின் நன்றாக வேலை செய்யும், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறையும்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட வேக நடை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்துங்கள், டாக்டரைப் பார்க்கத் தள்ளிப்போடாதீர்கள்.