எடைக்குப் போடும் முன் அக்காவைக் கூப்பிடுங்கள்

கேள்வி: அப்பா மதுரையில் பல வருடம் பழைய புத்தக வியாபாரம் செய்தார். போன தையில் தவறிவிட்டார். இரண்டு அறை நிறைய சுமார் 4,000 புத்தகம். அவர் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த கேட்லாக், நூற்பட்டியல்கள் தனியாக இரண்டு பீரோ. ஆவணிக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும். சென்னை ஏலக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். அப்பா சொல்லச் சொல்ல அக்கா எழுதிய துண்டுச் சீட்டுகளும் ஆறு பெட்டி கிடக்கின்றன. ‘3, 4ஆம் பக்கம் இல்லை, மேலட்டை வேறு பிரதியுடையது’ என்கிற மாதிரிக் கிறுக்கல்கள். அவற்றை எடைக்குப் போட்டுவிடலாம். மொத்தமாக விடுவதா, பிரித்து விடுவதா?
– வாசகர், மேலூர்

பதில்: தம்பி, கடிதத்தில் அக்கா ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், அதுவும் எடைக்குப் போகிற குப்பையோடு. அவரிடம் கேட்டீர்களா என்று ஒரு வரி இல்லை. உங்கள் அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுச் சட்டப்படி மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு. அம்மா இருந்தால் அவருக்கும் சமபங்கு. புத்தகமும் சொத்துதான். சட்டத்தை விடுங்கள், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு பெட்டி எழுதிய பிள்ளையைக் கேட்காமல் அதைத் தராசில் ஏற்ற உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

நீங்கள் கிறுக்கல் என்கிற அந்த வரியையே பாருங்கள். ‘மேலட்டை வேறு பிரதியுடையது’ என்றால், அட்டை போன பிரதிக்கு இன்னொன்றின் அட்டையைப் போட்டிருக்கிறது என்று அர்த்தம். சொல்லி விற்றால் அது நேர்மையான சரக்கு. சொல்லாமல் ஏலத்துக்குப் போனால், வாங்கியவர் பக்கத்தை எண்ணிப் பார்த்துத் திருப்பி அனுப்புவார். உங்கள் அப்பா பெயர்தான் கெடும்.

புத்தகம் அச்சான வருடமும் அப்படித்தான். முகப்பில் ‘ஜய வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1894ஆ, 1954ஆ? அறுபது வருடச் சுற்றில் இரண்டும் ஜயதான். 1894இல் உ.வே.சா. வெளியிட்ட புறநானூறு முதல் பதிப்புக்கும் பிந்தைய பதிப்புக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும். அச்சகப் பெயர், முகவரி, பக்க எண்ணிக்கை, நூலைப் புகழ்ந்து முன்னால் சேர்த்த சிறப்புப்பாயிரம், பிழைதிருத்தத் தாள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பதிப்பைத் தீர்மானிக்கவேண்டும். அந்த வேலையைத்தான் அப்பாவும் அக்காவும் சீட்டில் முடித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குள் வைத்துக்கொண்ட சுருக்கெழுத்தும் விலைக்குறியும் அக்காவுக்குத்தான் புரியும்.

அதனால் மொத்தமாக விடாதீர்கள். முதலில் 1900க்கு முந்தியவற்றையும் பழைய பத்திரிகைத் தொகுதிகளையும் பிரித்து, சீட்டோடு ஒத்துப் பார்த்துத் தனித்தனி லாட்டாக, அதாவது ஏலத்தில் தனியாக விலை கேட்கும் உருப்படியாகப் போடுங்கள். நடுத்தர விலை உள்ளவற்றைப் பொருள்வாரியாகப் பத்து இருபதாகக் கட்டலாம். மிச்சத்தை உள்ளூர்க் கடைக்காரர்களுக்குக் கொடுங்கள், அதைச் சென்னைக்கு அனுப்பினால் லாரி வாடகை கட்டுப்படியாகாது. பீரோவில் உள்ள கேட்லாக்குகளைக் கடைசியில் விற்கவேண்டும். பலரும் அதைத்தான் முதலில் தள்ளிவிட்டு, சரக்கை அடையாளம் காணத் துணையில்லாமல் நிற்கிறார்கள். 1865இல் வந்த, அச்சான தமிழ் நூல்களுக்கு ஜான் மர்டாக் தொகுத்த பட்டியல் மாதிரி ஏதாவது இருந்தால் உதிரியாகப் பிரிக்காதீர்கள். அந்த இரண்டு பீரோ கேட்லாக்குகளையும் ஆறு பெட்டிச் சீட்டையும் சேர்த்து ஒரே லாட், அதுவும் ஆய்வு நூலகம் எதையாவது கேட்டுப் பார்த்த பிறகு. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் புத்தகச் சேகரிப்பு 1994இல் மொத்தமாக வாங்கப்பட்டதால்தான் சென்னையில் இன்றும் ஒரே நூலகமாக இருக்கிறது.

விற்கிறதற்கு முன் பைண்டிங் போடாதீர்கள், வெட்டுமிஷின் ஓரத்தைச் சீவிவிடும். செலோடேப் ஒட்டாதீர்கள். பின்னட்டையில் பென்சில் குறி இருந்தால் அழிக்காதீர்கள். புத்தகத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சி இருக்கிற கட்டை மற்றதோடு கலக்கக்கூடாது. நூலக முத்திரை குத்திய புத்தகம், யாரோ விற்றுத்தரச் சொல்லிக் கொடுத்து வைத்தது, இரண்டையும் தனியே வையுங்கள். அவை உங்கள் சொத்து என்று உறுதியாகும்வரை விற்க முடியாது. ஓலைச்சுவடி இருந்தால் ஏலத்துக்கே அனுப்பாதீர்கள். 75 வருடத்துக்கு மேற்பட்ட சுவடி 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏலக்காரரிடம் எழுத்தில் வாங்கவேண்டியவை: கமிஷன் எத்தனை சதவீதம், ஒவ்வொரு லாட்டுக்கும் குறைந்தபட்ச விலை, போட்டோக் கட்டணம், வழியில் சேதமானால் காப்பீடு, விற்காதது திரும்ப வரும் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில். கையெழுத்து வாரிசுகள் எல்லோரும் போடவேண்டும்.

ஆவணி வரை நாள் இருக்கிறது. முதல் பெட்டியை அக்கா வந்து திறக்கட்டும். அவர் படிக்கப் படிக்க நீங்கள் நோட்டில் எழுதுங்கள்.