எகிப்துக்கு முந்தைய பூனை

கேள்வி: கடலூர் துறைமுகத்தில் மீன் இறங்கும் நேரமறிந்து கூடும் பூனைகளைப் பார்க்கும்போது ஓர் ஐயம் எழுகிறது. பூனையை முதலில் வளர்த்தவர்கள் எகிப்தியர்கள்தாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்.

பதில்: எகிப்தியர்கள் பூனையைத் தெய்வமாக்கினார்கள், ஆனால் உறவு அதற்கும் பழையது. சைப்ரஸ் தீவில், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதக் கல்லறை ஒன்றிலிருந்து அரை மீட்டருக்கும் குறைவான தொலைவில், இளம்பூனை ஒன்று முழு உடலாகப் புதைக்கப்பட்டிருந்ததை 2004-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அறிவித்தனர். அத்தீவுக்கே உரிய பூனையினம் எதுவும் இல்லாததால், அதை யாரோ படகில் ஏற்றிச் சென்றிருக்க வேண்டும்.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தானியக் குதிருக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது; எனவே நாம் அதைப் பழக்கினோம் என்பதைவிட, அதுவே வந்து தங்கியது என்பதுதான் பொருத்தம் என்பேன்.

உங்கள் பகுதிக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் ரோமானிய வணிகம் நடந்த கி.பி. முதல் நூற்றாண்டிலேயே, எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் வளர்ப்புப் பிராணிகளுக்கென்று ஓர் இடுகாடு இருந்தது. இந்திய மிளகும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடும் கிடைத்த ஊர் அது. அங்கே புதைக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை பூனைகள். சிலவற்றின் கழுத்தில் இரும்புப் பட்டையும், சிலவற்றில் மணிமாலையும் இருந்தன. எலி பிடிப்பதற்கு மட்டும் வைத்திருந்த பிராணிக்கு யாரும் மணி கோத்துப் போடமாட்டார்கள்.