கதவு திறந்திருந்தால் உள்ளே வரலாம்

எங்கள் ஸ்டூடியோ கட்டடத்தில் வருடத்துக்கு ஓர் இரவு எல்லா அறைகளையும் திறந்து வைப்போம். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து, நாங்கள் வேலை செய்யும் இடத்தைச் சுற்றிப் பார்க்கலாம். இந்த 'ஓப்பன் ஸ்டூடியோ' பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

என்னைப் பற்றி ஒரு வரி: செப்புத் தகட்டில் எச்சிங் செய்பவள் நான், அதாவது தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து, அதில் மை பூசித் தாளில் அச்செடுப்பவள். 22 வருடமாக ஒரே கட்டடத்தில் ஓவியர்கள், சிற்பிகள், மட்பாண்டக் கலைஞர்களோடு தண்ணீர்க் குழாயையும் படிக்கட்டையும் பகிர்ந்துகொண்டு வேலை செய்கிறேன்.

எனக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. வாங்குகிற எண்ணமும் இல்லை. நான் வந்தால் அவர்களுக்கு இடைஞ்சல்தானே?
— ஒரு வாசகி

இல்லவே இல்லை. இந்தத் தயக்கத்தோடு எத்தனை பேர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். கழுத்தை மட்டும் நீட்டி எட்டிப் பார்ப்பார்கள், நம் கண்ணைப் பார்த்ததும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அன்று காலையிலிருந்து தரையைத் தேய்த்து, மேசையை ஒதுக்கி, தகடுகளைத் துடைத்து அடுக்கிவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு அதுதான் வருத்தம். வருகிறவர்களில் பெரும்பாலோர் எதையும் வாங்க மாட்டார்கள் என்பது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் திறக்கிறோம்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தையல்காரர் வந்தார். வெளியே மழை, ஒதுங்க வந்தவர். என் தகடு ஒன்றைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இருட்டான இடங்களில் கோடுகளை நெருக்கி நெருக்கிப் போட்டிருந்தேன். "ரொம்ப நெருக்கித் தைத்தால் துணி கிழிந்துவிடும். இதில் என்ன ஆகும்?" என்று கேட்டார். இதிலும் அதேதான் ஆகும். தகட்டின் மேல் மெழுகு போல ஒரு பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் வைக்கிறோம். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். கோடுகள் அளவுக்கு மீறி நெருங்கினால் இடையில் இருக்கும் செம்பையும் சேர்த்துத் தின்றுவிடும். பல கோடுகள் ஒரே பள்ளமாகிவிடும். அகலமான பள்ளத்தில் மை நிற்காது. கன்னங்கரேலென்று வர வேண்டிய இடம் வெளிறிப் போகும். அந்த மாதம் முழுக்க நான் போராடிக்கொண்டிருந்தது அந்த ஒரு பிரச்சினையோடுதான். என் துறையில் இருப்பவர்கள்கூட அப்படிக் கேட்டதில்லை.

அதனால் ஒன்றும் தெரியாது என்று சொல்லாதீர்கள் அம்மா. உங்கள் கைக்கு ஒரு வேலை தெரியும் இல்லையா? அந்தக் கண்ணோடு வாருங்கள்.

நாலு மாடி, முப்பது அறைக்கு மேல், மூன்று மணி நேரம். எங்கிருந்து ஆரம்பிப்பது?
— கல்லூரி மாணவர்

பொதுவாக இப்படிப்பட்ட கட்டடங்களில் கனமானதெல்லாம் கீழே இருக்கும். சூளை, அச்சு இயந்திரம், கல், மரம் எல்லாம் தரைத் தளம். ஓவியர்கள் வெளிச்சத்துக்காக மேலே போய்விடுவார்கள். நுழையும்போதே அறைகளின் வரைபடம் தருவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது செய்து காட்டுகிறார்களா, எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள். அச்செடுப்பதையும் சக்கரத்தில் மண் எழும்புவதையும் நேரில் பார்க்கக் கிடைத்தால் மற்ற எதையும் அதற்காக விடலாம்.

அப்புறம், எல்லா அறையையும் பார்த்தே தீர வேண்டும் என்று ஓடாதீர்கள். அரை மணி நேரம் மேலோட்டமாக ஒரு சுற்று. பிறகு மனதில் நின்ற மூன்று அறைகளுக்கு மட்டும் திரும்பப் போய் நிதானமாக நில்லுங்கள். முதல் அரை மணியும் கடைசி அரை மணியும் கூட்டம் குறைவு, பேச நேரம் கிடைக்கும்.

கலைஞரிடம் என்ன கேட்பது? 'இதற்கு என்ன அர்த்தம்' என்று கேட்டால் கோபப்படுவார்களா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர்

கோபமெல்லாம் வராது ஐயா. ஆனால் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் எங்களிடம் பெரும்பாலும் இருக்காது. ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிப்போம், உங்களுக்கும் திருப்தி இருக்காது. 'எப்படி' என்று கேளுங்கள். இதில் முதலில் போட்டது எது? நடுவில் எதையாவது அழித்தீர்களா? முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்தது? கடைசிக் கேள்விக்கு ஒவ்வொரு அறையிலும் வேறு வேறு பதில் வரும். அதைக் கேட்டுக்கொண்டே போனாலே அந்த இரவு போதும்.

சுவரில் மாட்டியிருப்பதை மட்டும் பார்க்காமல் மேசையையும் அலமாரியையும் பாருங்கள். மட்பாண்ட அறையில் விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன ஓடுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் எண். அவை கிளேஸ், அதாவது மண்பாத்திரத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடி போன்ற பூச்சின் பரிசோதனைகள். சூளைக்குள் போகும் முன் கிளேஸின் நிறம் ஒன்று, வெளியே வரும்போது வேறு. நிறத்துக்காகக் கிளேஸில் சேர்க்கும் கோபால்ட் கார்பனேட் தூள் வெளிறிய ஊதாவாக இருக்கும். சூளையில் வெந்து வந்தால் ஆழ்ந்த நீலம். 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைத்து, கதவைத் திறக்கும்வரை என்ன நிறம் வந்திருக்கிறது என்று தெரியாது. அந்த ஓடுகளைக் காட்டி, இதில் எது எதிர்பாராமல் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் கட்டடத்து மட்பாண்டக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உங்களை உட்கார வைத்துவிடுவார்.

ஆறு வயதுப் பையனை அழைத்துக்கொண்டு வரலாமா? கை சும்மா இருக்காது.
— ஓர் அம்மா

தாராளமாக. குழந்தைகள் கேட்கிற கேள்விகள் பெரியவர்களுடையதைவிட நன்றாக இருக்கும். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். உண்மையில் எனக்குப் பயம் பெரியவர்களின் முதுகுப்பைகள்தான். ஆயில் கலர் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சுக்கே சில நாட்களிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். கத்தியால் அப்பியது என்றால் மேலே தோல் கட்டியிருக்கும், உள்ளே மாதக்கணக்கில் ஈரமாக இருக்கும். பக்கத்து அறை ஓவியர் அப்படி ஒரு கேன்வாஸைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். கூட்டத்தில் ஒருவர் திரும்பினார், பை உரசியது. ஒரு ஜாண் நீளத்துக்கு நீலம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. உரசியவருக்குத் தெரியக்கூட இல்லை. மூன்று மாத வேலை. அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட்டார், ஆனால் பழைய இடம் திரும்ப வரவில்லை என்று இன்றைக்கும் சொல்வார். ஆகவே பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். சுடாத மண்பாத்திரத்தை விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் விளிம்பு கையோடு வந்துவிடும். ஓவியர் அறையில் மூடி போட்ட தகர டப்பா இருந்தால் பையனைத் திறக்க விடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணிகளை அதில்தான் போடுவார்கள். அந்தத் துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அதற்காகத்தான் அந்த மூடி.

ஒரு படத்தின் கீழே 7/30 என்று பென்சிலில் எழுதியிருந்தது. அப்படியென்றால் அது நகல்தானே? நகலுக்கு ஏன் இவ்வளவு விலை?
— வாசகர்

இது என் வீட்டுக் கேள்வி. நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்ல விடுங்கள்.

அது நகல் இல்லை. நகல் என்றால் மூலம் ஒன்று எங்காவது இருக்க வேண்டும். எச்சிங்கில் மூலச் சித்திரம் என்று தனியாக ஒன்று கிடையாது. இருப்பது தகடு. அதில் எல்லாம் வலம் இடமாகத் திரும்பியிருக்கும். தகட்டைச் சூடாக்கி, பள்ளங்களுக்குள் மையை அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு மேல்பரப்பில் இருக்கும் மையை விறைப்பான வலைத்துணியால் துடைக்க வேண்டும், கடைசியில் உள்ளங்கையால். ஒரு தகட்டைத் துடைக்க எனக்கு இருபது நிமிடம் ஆகும். தண்ணீரில் ஊறவைத்து ஈரம் ஒற்றிய தாளை அதன் மேல் வைத்து, கம்பளி விரிப்புகளைப் போர்த்தி, உருளைகளுக்கு நடுவே சக்கரத்தைச் சுற்றி அனுப்புவேன். அந்த அழுத்தத்தில் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையைத் தொட்டு எடுக்கிறது. அடுத்த பிரதிக்கு மறுபடி முதலிலிருந்து மை. முப்பது பிரதி என்றால் முப்பது தடவை.

7/30 என்றால் மொத்தம் முப்பது பிரதிகளில் இது ஏழாவது எண்ணிட்டது. அதற்கு மேல் அந்தத் தகட்டிலிருந்து எடுப்பதில்லை என்பது கலைஞர் கொடுக்கும் வாக்கு. ஏ.பி. என்று இருந்தால் ஆர்ட்டிஸ்ட் புரூஃப், கலைஞர் தனக்கென்று எடுத்துக்கொண்டது. கம்ப்யூட்டரிலிருந்து அச்சடித்ததையும் சிலர் எண் போட்டு விற்பதுண்டு. அதில் தவறில்லை, ஆனால் எது எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். எச்சிங் என்றால் படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளம் தாளில் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோடு தாளின் மேல் மேடாக நிற்கும்.

திறந்த இரவில் நான் ஒரு பிரதியாவது எல்லோர் முன்னாலும் எடுப்பேன். உருளையைத் தாண்டி வந்ததும், கூட்டத்தில் யாரையாவது கூப்பிட்டுத் தாளின் இரண்டு மூலைகளைப் பிடிக்கச் சொல்வேன். தாள் தகட்டை விட்டுப் பிரியும்போது ஈரமாக ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு அறையே பேச்சை நிறுத்திவிடும்.

ஸ்டூடியோவிலேயே வாங்கினால் பேரம் பேசலாமா?
— வாசகர்

கேலரியில் விற்றால் விலையில் பாதி வரைகூட கேலரிக்குப் போகும். ஸ்டூடியோவில் அந்தப் பங்கு இல்லையே, குறைக்கலாமே என்று தோன்றும். ஆனால் கேலரியோடு ஒப்பந்தம் உள்ளவர்கள் அதே வேலையை இங்கே மலிவாகக் கொடுக்க முடியாது. கொடுத்தால் அடுத்த கண்காட்சிக்கு அழைப்பு வராது. பேரத்துக்குப் பதிலாக இரண்டு கேள்வி கேளுங்கள்: தவணையில் தர முடியுமா? சின்ன வேலைகள், பரிசோதனைப் பிரதிகள் இருக்கின்றனவா? இரண்டுக்கும் பலர் மகிழ்ச்சியோடு சரி என்பார்கள். பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது என்று அர்த்தம். ரசீது வாங்குங்கள். ஆயில் ஓவியத்தைக் குமிழிப் பிளாஸ்டிக்கில் நேராகச் சுற்ற விடாதீர்கள், குமிழிகளின் தடம் வண்ணத்தில் பதிந்துவிடும்.

போட்டோ எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். இன்னும் முடிக்காத வேலையை வெளியில் காட்டச் சிலருக்குப் பிடிக்காது.

இந்தப் பழக்கம் எப்போது ஆரம்பித்தது?
— வரலாறு படிக்கும் மாணவி

துல்லியமான ஆரம்பம் என்று ஒரு நாளைச் சுட்ட முடியாது. எனக்குப் பிடித்த உதாரணம் நியூயார்க்கின் பத்தாவது தெரு ஸ்டூடியோ கட்டடம். கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட் 1857-ல் ஓவியர்களுக்காகவே வடிவமைத்தது. நடுவில் மேலிருந்து வெளிச்சம் விழும் ஒரு கூடம், சுற்றிலும் ஓவியர்களின் அறைகள். அங்கே அறைகளைத் திறந்து வைத்து மக்களை வரவேற்கும் வழக்கம் இருந்தது. 1859-ல் ஓவியர் ஃபிரெடரிக் சர்ச் தன் 'ஆண்டிஸின் இதயம்' ஓவியத்தை அந்தக் கூடத்தில் வைத்தார். ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலம். நுழைவுக் கட்டணம் 25 சென்ட். ஒரு மாதத்துக்குள் 12,000 பேருக்கு மேல் வந்தார்கள். நாடகம் பார்க்கும் தூரக்கண்ணாடியைக் கொண்டுவந்து இலை இலையாகப் பார்த்தார்களாம். கட்டடத்தை 1956-ல் இடித்துவிட்டார்கள். ஓவியம் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

பார்த்த வேலை பிடிக்கவில்லை. கலைஞர் பக்கத்திலேயே நிற்கிறார். என்ன சொல்வது?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பொய்யாகப் புகழ வேண்டாம். பார்த்ததற்கு நன்றி சொல்லிவிட்டு நகரலாம், அதில் குறை ஒன்றுமில்லை. 1907-ல் பாரிஸில் பல கலைஞர்கள் சேர்ந்திருந்த பாத்தோ லவுவார் கட்டடத்தில் பிக்காசோ 'அவிஞோன் பெண்கள்' ஓவியத்தை வரைந்தபோது, அறைக்கு வந்து பார்த்த நண்பர்களே அதிர்ந்து போனார்கள். பொதுமக்கள் பார்வைக்கு அது வந்தது 1916-ல்தான். பிடிக்கவில்லை என்ற பதிலும் ஓர் அறைக்குத் தேவைப்படுகிறது.

நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் வாசலில் ஒரு நோட்டு இருக்கும், அதில் எழுதுங்கள். எந்த வேலை, எந்த இடம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். என் நோட்டில் ஒருவர் இப்படி எழுதிவிட்டுப் போனார்: "மூன்றாவது படத்தில் மழை நன்றாக இருக்கிறது. மரம் பொய்." பெயர் போடவில்லை. இரண்டு நாள் அந்த வரியையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகு தகட்டை எடுத்து, மரத்தைச் சுரண்டி, அந்த இடத்தை வழவழவென்று தேய்த்து, மறுபடி கீறி அமிலத்தில் வைத்தேன். அந்தத் தகட்டிலிருந்து இப்போது நான் எடுக்கும் பிரதிகளில் இருப்பது இரண்டாவது மரம்.